காலப்பயணத்தில் ஒரு சமையற்காரன்



காலப்பயண நாவல் என்றதும் நம்மிற் பலருக்கு நினைவில் வருவது ஓர் இயந்திரம். விசையைத் தள்ளினால் நாள்கள் பின்னோக்கி ஓடும். ஏறியவன் அரசர் காலத்தில் இறங்குவான். இதனால், இது சிறுவருக்குரிய விஞ்ஞானக் கதை என்று ஒதுக்கிவிடுவோரும் உளர். ஆனால் நல்ல காலப்பயண நாவல் மர்ம நாவலின் நெருங்கிய உறவு. அதை எப்படி வாசிப்பது என்பதைப் பற்றியே இன்றைய உரை.

துப்பறியும் நாவலில் குற்றம் நடந்து முடிந்திருக்கும். துப்பறிபவர் இன்று கிடைக்கும் தடயங்களைக் கொண்டு நேற்று நடந்ததை ஊகிக்கின்றார். காலப்பயண நாவலிலோ அவர் நேற்றைக்கே நடந்து போய்விடுகின்றார். நேரிற் கண்டபின் மர்மம் தீர்ந்துவிட வேண்டும் அல்லவா? தீர்வதில்லை. கண்டதை மாற்ற முடியுமா, மாற்றினால் இன்றிருக்கும் நான் இருப்பேனா, அங்கே எனக்கு உறவு யார், பகை யார் என்று புதிய கேள்விகள் முளைக்கின்றன. "யார் செய்தார்?" என்று தொடங்கிய தேடல், "அங்கு செய்யப்பட்டதற்கும் எனக்கும் என்ன தொடர்பு?" என்று திரும்புமிடத்தில் நாவல் சிந்தனைக்குரியதாகின்றது.

வாகனம் எதுவாயினும்

எப்படிப் போனான் என்ற கேள்வியில் நாம் அதிக நேரம் தங்க வேண்டியதில்லை. 1889இல் வெளிவந்த மார்க் ட்வெயினின் நாவலில், அமெரிக்கத் தொழிலாளி ஒருவன் தலையில் விழுந்த ஒரே அடியில் ஆர்தர் மன்னனின் ஆறாம் நூற்றாண்டுக்குப் போய்விடுகின்றான். 1895இல் எச்.ஜி. வெல்ஸ் நிக்கலும் தந்தமும் பளிங்கும் சேர்த்து 'கால இயந்திர'த்தைச் செய்து கொடுத்தார். நம்மவருக்கு அடியும் தேவைப்படவில்லை, இயந்திரமும் தேவைப்படவில்லை. முற்பிறப்பு என்னும் எண்ணம் கைவசம் இருந்தது; களைத்த மனிதன் ஒருவனின் உறக்கம் போதுமாயிருந்தது.

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியின் 'சோலைமலை இளவரசி' இதற்கு நல்ல உதாரணம். கல்கி என்றதும் 'பொன்னியின் செல்வன்', 'சிவகாமியின் சபதம்' ஆகிய பெருநாவல்களே பேசப்படுகின்றன. அவற்றின் நிழலில் ஒதுங்கிப்போன சிறிய நாவல் இது. 1947இல், இந்தியா சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில் வந்தது. கல்கியின் எழுத்துகள் தமிழ்நாட்டில் நாட்டுடைமையாக்கப்பட்டுவிட்டமையால் இப்போது பல பதிப்பகங்கள் அதனை வெளியிடுகின்றன. தேடிப் பெறுவது சிரமமன்று.

சோலைமலைக் கோட்டையில்

கதை 1942இல் தொடங்குகின்றது. 'வெள்ளையனே வெளியேறு' என்ற குரல் இந்தியா எங்கும் ஒலித்த ஆண்டு அது. ஆகஸ்ட் மாதத்தில் இராமநாதபுரம் மாவட்டத்தின் தேவகோட்டை, திருவாடானைப் பகுதிகளில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். திருவாடானைச் சிறையை உடைத்துச் சின்ன அண்ணாமலையை விடுவித்தனர். அந்நாட்களின் சூடு இந்நாவலில் நன்றாகவே தெரிகின்றது.

பொலிஸார் தேடும் குமாரலிங்கம் என்ற இளைஞன் தப்பியோடிச் சோலைமலையை அடைகின்றான். அங்கே பாழடைந்த கோட்டையொன்று. களைத்து உறங்குகின்றான். இடிந்த மதில்கள் எழுந்து நிற்கின்றன; கோட்டை உயிர்பெறுகின்றது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன், ஆங்கிலேயரை எதிர்த்து நின்று, அவர்கள் கையிற் சிக்காமல் ஒளிந்திருக்கும் உலகநாதத் தேவர் என்னும் அரசனாகத் தன்னை அவன் காண்கின்றான். சோலைமலை இளவரசி மாணிக்கவல்லி அவனுக்கு அடைக்கலம் தருகின்றாள். விழித்தால் மீண்டும் 1942. அங்கே ஒளிந்திருப்பவனுக்கு இரகசியமாக உணவு கொண்டுவந்து கொடுப்பவள் பொன்னம்மாள் என்ற கிராமத்துப் பெண். அவள் முகத்தில் அவன் இளவரசியைக் காண்கின்றான்.

இது கனவா, முற்பிறப்பின் நினைவா? இரண்டுக்கும் இடம் வைத்தே கல்கி கதையை நகர்த்துகின்றார். மர்மம் வேறோர் இடத்தில் இருக்கின்றது. அன்றும் ஒளிந்திருந்தான் ஒருவன், இன்றும் ஒளிந்திருக்கின்றான். அன்றும் ஆட்சி ஆங்கிலேயருடையது, இன்றும் அவர்களுடையதே. அன்று நடந்ததே இன்றும் நடந்து முடியுமா? வரலாறு தன்னைத் திரும்பச் சொல்லுமா, இரண்டாம் முறை வேறு முடிவுக்கு வழிவிடுமா? இந்த ஐயமே பக்கங்களைப் புரட்ட வைக்கின்றது. ஒவ்வொரு முறை குமாரலிங்கம் உறங்கும்போதும் நாம் முடிவை நோக்கி ஓரடி நெருங்குகின்றோம். ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் அம்முடிவுக்கு அஞ்சுகின்றோம். அது யாது என்று சொல்லி, வாசிக்கப் போகிறவர்களின் சுவையைக் கெடுக்க நான் விரும்பவில்லை.

1947ஆம் ஆண்டு வாசகனுக்கு இந்தக் கேள்வி வெறும் கதைக்கேள்வியன்று. 1801இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டதோடு அடங்கிய போராட்டம், ஒன்றரை நூற்றாண்டின் பின் வெற்றி பெறும் தறுவாயில் அவன் அதை வாசித்தான். தோற்றுப்போன முன்னோருக்கு ஓர் இரண்டாம் வாய்ப்பு என்ற ஆசைக்கு அந்த வயதில் ஒரு நியாயம் இருந்தது.

தெகல்தொறுவச் சுவரில்

இரண்டு காலங்களை ஒரே கதையில் அடுக்கும் இந்த முறைக்கு விளக்கம் தேடிக் கண்டியிலிருந்து நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. லேவெல்லவில் மகாவலியைக் கடந்து சிறிது தூரம் சென்றால் தெகல்தொறுவக் குகை விகாரை. கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனின் ஆதரவில், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவானது. அம்மன்னன் மதுரை நாயக்கர் உறவுவழியில் வந்தவன் என்பதை நேயர்கள் அறிவீர்கள். அங்கே சுவரில் வெஸ்ஸந்தர ஜாதகம், சுதசோம ஜாதகம் முதலிய புத்தரின் முற்பிறப்புக் கதைகள் தீட்டப்பட்டுள்ளன. தேவரகம்பல சில்வத்தென என்பார் அவ்வோவியர்களுள் ஒருவர்.

சுவரைச் சற்று நின்று பாருங்கள். சிவப்புப் பின்னணியில் நீண்ட பட்டி. அதில் வெஸ்ஸந்தர இளவரசன் ஓரிடத்தில் யானையைத் தானம் கொடுக்கின்றான். சற்றுத் தள்ளி அவனே தேரில் போகின்றான். மேலும் தள்ளி அவனே வனத்தில் இருக்கின்றான். ஒரே ஆள் ஒரே பட்டியில் மீண்டும் மீண்டும் வருகின்றான். ஒரு மரமோ வாயிலோ தான் ஒரு காலத்துக்கும் மறு காலத்துக்கும் எல்லை. உடையோ கண்டி அரச காலத்து உடை. பண்டைய இந்திய இளவரசன் கண்டிப் பிரதானியைப் போல உடுத்தி நிற்பதைக் கண்டு அக்காலத்தவர் எவரும் திகைத்திருக்கமாட்டார்கள். இறந்தகாலம் முடிந்துபோன ஒன்றாக அவர்களுக்குத் தோன்றவில்லை; பட்டியில் இடப்பக்கம் இருக்கும் ஒன்றாகவே தோன்றியது.

ஜாதகக் கதைகளின் அமைப்பையும் இங்கு கவனிக்க வேண்டும். முதலில் நிகழ்காலத்தில் ஒரு சம்பவம். அதன் காரணத்தைச் சொல்லப் புத்தர் பழைய பிறப்பொன்றின் கதையை எடுக்கின்றார். கதை முடிந்ததும், அன்றிருந்தவர் இன்று யார் யார் என்று முடிச்சவிழ்க்கின்றார். வெஸ்ஸந்தரன் புத்தரே, மனைவி மத்தி பின்னாளில் இராகுலனின் தாய், குழந்தைகளை அடிமையாகக் கேட்டு வாங்கிச் சென்ற ஜூஜகன் என்ற பிராமணன் தேவதத்தன். துப்பறியும் நாவலின் கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் ஓரறையில் கூட்டிவைத்து உண்மையைச் சொல்லும் முறைக்கு இது எவ்வளவு அண்மையில் இருக்கின்றது, பாருங்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு. ஜாதகங்களில் போதிசத்துவர் எப்போதும் அரசராகப் பிறப்பதில்லை. மானாகவும் முயலாகவும் குரங்காகவும் பிறக்கின்றார். மாதங்க ஜாதகத்தில் சண்டாளராகவே பிறக்கின்றார். இதை மனத்திற் கொண்டு சோலைமலைக்குத் திரும்பினால் ஒரு கேள்வி எழுகின்றது. சிறைக்கு அஞ்சி ஓடியவன் முற்பிறப்பில் ஏன் அரசனாகவே இருக்க வேண்டும்? உணவு கொண்டுவந்த பெண் ஏன் இளவரசியாகவே இருக்க வேண்டும்?

மணிமேகலை சொல்லும் கொலைவழக்கு

இக்கேள்விக்குத் தமிழில் மிகப் பழைய பதில் ஒன்று மணிமேகலையில் இருக்கின்றது. மணிபல்லவத் தீவில் புத்த பீடிகையைக் கண்டதும் மணிமேகலைக்கு முற்பிறப்பு விளங்குகின்றது. அப்பிறப்பில் அவள் கணவன் இராகுலன். அவனே இப்பிறப்பில் அவளைத் தொடரும் உதயகுமாரன். பின்னர் உதயகுமாரன் கொல்லப்படுகின்றான். காயசண்டிகையின் உருவில் மணிமேகலை இருப்பதை அறியாத அவள் கணவன் காஞ்சனன், தன் மனைவியிடம் அயலான் நெருங்குகின்றான் என்று எண்ணி வாளால் வெட்டிவிடுகின்றான்.

கொன்றவன் யாரென்று தெரியும், காரணமும் தெரியும். வழக்கு அத்துடன் முடிந்திருக்கலாம். சாத்தனார் முடிக்கவில்லை. கந்திற்பாவை என்னும் தூணிலிருக்கும் தெய்வப் பாவை மணிமேகலையிடம் உண்மையான காரணத்தைச் சொல்கின்றது. முற்பிறப்பில் துறவியொருவருக்கு உணவு படைக்க ஏற்பாடாகியிருந்தது. சமையற்காரன் நேரம் தாழ்ந்து வந்தான்; பதற்றத்தில் கால் இடறி, பாத்திரங்கள் சிதற விழுந்தான். சினங்கொண்ட இராகுலன் அவனை வாளால் வெட்டினான். அந்த வாளே இப்பிறப்பில் திரும்பி வந்தது.

அந்தச் சமையற்காரனுக்குக் காப்பியத்தில் பெயரில்லை. தொழிற்பெயர் மட்டுமே: மடையன். பழந்தமிழில் மடை என்றால் உணவு. மடையன் உணவு சமைப்பவன். இன்று அச்சொல் காதில் விழுந்தால் நமக்குத் தோன்றும் பொருள் வேறு. காப்பியம் முழுவதும் காதலும் துறவும் அரசும் பேசப்படுகின்றன. ஆயினும் அதன் நடுவிலுள்ள கொலை மர்மத்தின் திறவுகோல், காலையில் நேரம் தாழ்ந்து வந்து தடுமாறி விழுந்த ஒரு வேலையாளின் பிணத்தில் இருக்கின்றது.

காலப்பயண நாவல் எதை வாசித்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம் என்பது என் கருத்து: இங்கே சமையற்காரன் எங்கே? கதை திரும்பிச் செல்லும் காலத்தில் உணவு சமைத்தவன், மண் சுமந்தவன், விளக்கு ஏற்றியவன் யார்? அவனுக்கு நாவல் ஒரு முகம் கொடுக்கின்றதா?

வெல்ஸும் பட்லரும்

வெல்ஸின் நாவலுக்கு இக்கேள்வியை எடுத்துச் செல்வோம். காலப்பயணி தன் அனுபவத்தை இராவிருந்துக்கு வந்த நண்பர்களிடம் சொல்கின்றான். விருந்தின்போது வேலையாட்கள் அருகே நிற்பது அவனுக்குப் பிடிக்காது என்று வெல்ஸ் போகிற போக்கில் ஒரு குறிப்பை வைக்கின்றார். அந்த மனிதன்தான் 8,02,701ஆம் ஆண்டுக்குச் சென்று, அழகும் சோம்பலும் நிறைந்த ஈலோய் மக்களைக் காண்கின்றான். போராட்டம் ஒழிந்த பொற்காலம் இது என்று முதலில் முடிவுகட்டுகின்றான். பிறகு நிலத்தின் கீழ் இருளில் இயந்திரங்களோடு வாழும் மோர்லொக்குகளைக் கண்டு, இவர்கள் அடிமைகள் என்று முடிவை மாற்றுகின்றான். கடைசியில் தெரியவருவது பயங்கரம்: ஈலோய்கள் மந்தை, மோர்லொக்குகள் அவர்களை உண்பவர்கள். கண்ணிற் படாமல் கீழே அனுப்பப்பட்ட தொழிலாளரின் வழித்தோன்றல்களே அவர்கள். வேலையாளைக் காணப் பிடிக்காதவன், எட்டு இலட்சம் ஆண்டுகள் பயணம் செய்து அந்த வேலையாளையே சந்திக்கின்றான்.

கறுப்பின அமெரிக்க எழுத்தாளர் ஒக்டேவியா பட்லர் 1979இல் எழுதிய 'கிண்ட்ரெட்' இன்னும் நேரடியானது. இரத்த உறவு என்பது அத்தலைப்பின் பொருள். 1976இல் கலிபோர்னியாவில் வாழும் டேனா என்ற கறுப்பினப் பெண், தன் விருப்பமின்றியே அடிமைமுறைக் காலத்து மேரிலாந்துக்கு இழுக்கப்படுகின்றாள். நாவல் தொடங்கும்போதே அவளது இடக்கை இல்லை. எப்படிப் போயிற்று என்பதே மர்மம்.

அங்கே ரூபஸ் என்ற வெள்ளைச் சிறுவனை அவள் ஆபத்திலிருந்து காப்பாற்ற நேர்கின்றது. அவன் தன் மூதாதை என்பது பிறகு தெரிகின்றது. வளர்ந்தால் அடிமைகளின் எசமானாகப் போகின்றவன். அவன் இறந்தால் அவளது பரம்பரை இல்லை. அவன் வாழ்ந்தால் மற்றவர்களுக்கு நரகம். தான் பிறப்பதற்காக ஒரு கொடியவனைக் காத்து நிற்க வேண்டிய நிலை. அந்தத் தோட்டத்தில் அவளுக்கு உலகத்தைப் புரியவைப்பவர்களில் ஒருத்தி சேரா. சேரா யார்? அந்த வீட்டின் சமையற்காரி. அவளுடைய பிள்ளைகள் மூவர் விற்கப்பட்டுவிட்டனர். வாய்பேசாத ஒரு மகள் மட்டும் எஞ்சியிருக்கின்றாள். அவளுக்குப் பெயரும் முகமும் கோபமும் உண்டு. மணிமேகலையில் பெயரின்றி வெட்டுண்டவன் இங்கே வாய்திறந்து பேசுகின்றான் எனலாம்.

கல்கியை இதனாற் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. பொன்னம்மாளை இளவரசியாக்கியது ஒருவகையில் அவருடைய தாராளம். கிராமத்துப் பெண்ணுக்கு ஒரு கோட்டையைக் கொடுத்தார். ஆனால் ஆபத்தைப் பொருட்படுத்தாமல் ஒளிந்திருப்பவனுக்குச் சோறு கொண்டுபோன பொன்னம்மாள், இளவரசியாக இல்லாவிட்டாலும் பெரியவளே. கதையில் எனக்கு அதிகம் நினைவில் நிற்பவளும் அவள்தான்.

கண்டியின் காலம்

பட்லரின் டேனா அந்தப் பழைய காலத்தில் ரூபஸிடம் ஆண்டைக் கேட்கின்றாள். 1815 என்கின்றான். நமக்கு அந்த ஆண்டு வேறொரு கதவைத் திறக்கின்றது.

1815 பெப்ரவரியில் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் மெதமகாநுவரப் பகுதியில் ஒளிந்திருந்த இடத்தில் பிடிபட்டான். மார்ச் 2ஆம் திகதி மகுல் மடுவவில் கண்டி ஒப்பந்தம். 1816இல் மன்னன் கப்பலேற்றப்பட்டு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுசெல்லப்பட்டான். 1832இல் அங்கேயே இறந்தான். ஒளிந்திருந்து, ஆங்கிலேயர் கையில் அகப்பட்ட அரசன். உலகநாதத் தேவரின் கதைக்கு எவ்வளவு அருகில்! கண்டியிலிருந்து ஒருவர் காலப்பயண நாவல் எழுதினால் அவர் கை முதலில் இந்த அரசனைத்தான் நாடும். கண்ணுசாமி என்ற இளமைப் பெயர்கொண்ட அவனிடத்தில் தமிழ் வாசகனுக்கு ஓர் ஈர்ப்பு இருப்பதும் இயல்பு.

ஆனால் பயணம் ஓராண்டு தவறி 1814இல் இறங்கினால்? எகலப்பொலவின் பிள்ளைகள் கொல்லப்படுவதையும் அவர்களின் தாய் போகம்பறையில் மூழ்கடிக்கப்படுவதையும் காண நேரிடும். ஆணையிட்டவன் அதே அரசன். சில ஆண்டுகள் முன்னே போனால், இன்று மாலையில் நாம் உலாவும் அந்த ஏரி வெட்டப்படுவதைக் காணலாம். வெட்டியவர்கள் இராஜகாரியக் கடமையில் அழைத்துவரப்பட்ட மக்கள். மண்ணைச் சுமந்தவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை. சில பத்தாண்டுகள் பின்னே வந்தால், மன்னாரில் கரையிறங்கிக் காட்டுவழியே மாத்தளையை நோக்கி நடக்கும் கூட்டங்களைக் காணலாம். 1820களில் கம்பளைப் பக்கத்தில் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட பின் பெருகிய தோட்டங்களுக்கும் வேண்டிய மனிதர்கள் அவர்கள். நடந்து சேர்ந்தவர்களும் உண்டு. வழியிலேயே கிடந்தவர்களும் உண்டு.

அக்கூட்டத்தில் நம் முன்னோரைத் தேடிப் போகும் ஒருவருக்கு டேனாவின் இக்கட்டு நேரலாம். தேடிய முகம் சுமைதூக்கியின் முகமாக இல்லாமல், கூட்டத்தை ஓட்டிவந்த கங்காணியின் முகமாக இருக்கலாம். அப்போது என்ன செய்வது? அவனை மறைப்பதா, அவனுக்காக வழக்காடுவதா, அல்லது அவனுக்குப் பின்னால் நடப்பவளின் பெயரைக் கேட்பதா? இந்த மலைநாட்டில் கடந்த காலம் பலராலும் உரிமை கோரப்படுகின்றது. ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய அரசனையும் தமக்கு வேண்டிய துரோகியையும் அங்கிருந்து எடுத்துவருகின்றனர். நல்ல காலப்பயண நாவல் அந்த வசதியைத் தருவதில்லை. நாம் விரும்பும் ஆளாக அல்லாமல், அங்கு நிற்க நேர்ந்த ஆளாக நம்மை நிறுத்துகின்றது.

எனவே இவ்வகை நாவலைக் கையிலெடுக்கும்போது இயந்திரம் நம்பத்தக்கதா என்று ஆராய்வதைச் சற்றுத் தள்ளிவைப்போம். பயணி அங்கே யாராக மாறுகின்றான், திரும்பி வரும்போது எதை இழந்து வருகின்றான் என்று பார்ப்போம். 'சோலைமலை இளவரசி'யை இதுவரை வாசிக்காதவர்கள் ஒரு விடுமுறை நாளில் வாசியுங்கள். முன்பு வாசித்தவர்கள் பொன்னம்மாளை மட்டும் பின்தொடர்ந்து இன்னொரு முறை வாசியுங்கள். வசதி உள்ளவர்கள் தெகல்தொறுவவுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். அந்தச் சிவப்புப் பட்டியில் இளவரசனைக் கண்டு முடித்த பின், அவனுக்குப் பக்கத்தில் சுமையோடும் குடையோடும் நிற்பவர்கள் யாரென்றும் பாருங்கள். நம் ஊரின் எழுதப்படாத நாவல் அவர்களிடமிருந்தும் தொடங்கலாம்.